டைல்ஸ் தாமதமானால் கிரகப்பிரவேசம் தள்ளிப்போகுமா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு வேலையின் கால அட்டவணை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சுமார் 1,000 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டுகிறோம். மேல்தளம் காங்கிரீட் போட்டாகிவிட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்த டைல்ஸ் வர 20 நாள் ஆகும் என்கிறார் கடைக்காரர். "டைல்ஸ் லேட்டானா வீடே லேட்டாயிடும், வேற ரகம் பாருங்க" என்கிறார் மேஸ்திரி. மாற்றிவிடலாமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: மாற்ற வேண்டாம். டைல்ஸ் 20 நாளில் வந்தாலும் சரி, 40 நாளில் வந்தாலும் சரி, உங்கள் வீடு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு தாளில் மிச்சமுள்ள வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதைத் தொடங்க எது முடிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். "இதற்குப் பிறகு என்ன?" என்று கேட்டால் மேஸ்திரியின் பழக்க வரிசைதான் வரும். எதற்கு எது கட்டாயம் என்பது முதல் கேள்வியில்தான் தெரியும். உங்கள் அளவு வீட்டுக்கு உத்தேசமாக இப்படி வரும்:

முட்டு (தளத்தைத் தாங்கும் கம்பங்கள்) பிரிக்கும் வரை காத்திருப்பு – 14 நாள்.
எலக்ட்ரிக் காடி (சுவரில் குழாய் பதிக்கும் பள்ளம்) எடுத்து, குழாய், பெட்டி பதித்து, காடியை அடைப்பது – 5 நாள். முட்டு பிரித்த பிறகு.
பிளம்பிங் உட்குழாய், பிரஷர் டெஸ்ட் – 4 நாள். முட்டு பிரித்த பிறகு.
உட்பூச்சு – 15 நாள். காடி வேலை, பிளம்பிங் இரண்டும் முடிந்த பிறகு.
வெளிப்பூச்சு – 10 நாள். முட்டு பிரித்த பிறகு.
குளியலறை வாட்டர்புரூஃபிங், தண்ணீர் தேக்கிப் பார்ப்பது – 6 நாள்; பிளம்பிங்குக்குப் பிறகு.
டைல்ஸ் – 12 நாள்; உட்பூச்சு, வாட்டர்புரூஃபிங் இரண்டும் முடிந்த பிறகு.
உட்பூச்சு நனைத்தல் 7 நாள், காய்தல் 21 நாள், ஆக 28 நாள்; பூச்சு முடிந்த பிறகு.
பட்டி, பிரைமர், முதல் கோட் – 12 நாள். சுவர் காய்ந்த பிறகு.
கதவு செய்வது – 30 நாள். நிலை ஏற்கெனவே வைத்தாயிற்று என்பதால் இன்றே தொடங்கலாம்.
கதவு மாட்டுவது – 4 நாள். டைல்ஸ் முடிந்து, கதவும் தயாரான பிறகு.
குளியலறைச் சாமான் பொருத்துவது – 3 நாள், டைல்ஸுக்குப் பிறகு.
வயர் இழுத்து சுவிட்ச் மாட்டுவது – 5 நாள். முதல் கோட்டுக்குப் பிறகு.
கடைசி கோட், சுத்தம் – 6 நாள். எல்லாம் முடிந்த பிறகு.

இப்போது தளம் போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து முன்னோக்கி எண்ணுங்கள். முட்டு 14-ல் பிரிகிறது. காடி வேலை 19-ல் முடிகிறது, பிளம்பிங் 18-ல். உட்பூச்சு இரண்டுக்கும் காத்திருப்பதால் பெரிய எண்ணான 19-ல்தான் தொடங்கும், 34-ல் முடியும். சுவர் காய 62. முதல் கோட் 74. சுவிட்ச் 79. கடைசி கோட் 85. ஆக மொத்தம் 85 நாள். டைல்ஸ் 34-ல் தொடங்கி 46-ல் முடிந்துவிடுகிறது.

அடுத்து 85-லிருந்து பின்னோக்கி வாருங்கள். முன்னோக்கிப் போகும்போது பெரிய எண், பின்னோக்கி வரும்போது சிறிய எண். இதை மாற்றிப் போட்டால் கணக்கே கெட்டுவிடும். கடைசி கோட் 79-ல் தொடங்கியாக வேண்டும் என்பதால் கதவு மாட்டுவது 75-க்குள்ளும், சாமான் பொருத்துவது 76-க்குள்ளும் தொடங்க வேண்டும். சிறியது 75. எனவே டைல்ஸ் 75-க்குள் முடிந்தால் போதும், 63-ல் தொடங்கினாலும் போதும். 34-க்கும் 63-க்கும் நடுவே 29 நாள் இடைவெளி. இந்த இடைவெளிக்குத்தான் ஃப்ளோட் என்று பெயர்.

ஃப்ளோட் பூஜ்யமாக உள்ள வேலைகளின் தொடர்தான் கிரிட்டிக்கல் பாத்: முட்டு, காடி வேலை, உட்பூச்சு, காய்தல், முதல் கோட், சுவிட்ச், கடைசி கோட். 14, 5, 15, 28, 12, 5, 6 ஆகியவற்றைக் கூட்டினால் 85. இதில் எது ஒரு நாள் தவறினாலும் கிரகப்பிரவேசம் ஒரு நாள் தள்ளும்.

இந்த 85-ல் 42 நாள், அதாவது பாதி, யாரும் கரண்டி பிடிக்காத நாள்கள்: முட்டு நிற்பதும் சுவர் காய்வதும். ஆள் இல்லாத வேலை என்பதால் பல அட்டவணைகளில் இவை எழுதப்படுவதே இல்லை. மூன்று மாதம் என்று சொன்னது நான்கரை மாதமாவதற்கும், அவசரத்தில் ஈரச் சுவரில் பட்டி பார்த்து ஆறு மாதத்தில் பெயிண்ட் உரிந்து உப்புப் பூப்பதற்கும் காரணம் இதுதான். காத்திருப்பையும் ஒரு வேலையாக, நாள் கணக்கோடு எழுதுங்கள்.

டைல்ஸை விடுங்கள், நீங்கள் கவலைப்பட வேண்டியது பிளம்பரைப் பற்றி. அவருடைய ஃப்ளோட் ஒரே ஒரு நாள்தான். அவர் இரண்டு நாள் வராமல் போனால் கொத்தனார் ஒரு நாள் சும்மா நிற்பார். எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் 14-ம் நாளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: எங்கள் மேஸ்திரி வெளிப்பூச்சை முதலில் முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்கிறார். சாரம் கட்டியாகிவிட்டதாம். அட்டவணையில் இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதாக இருக்கிறது. எதை நம்புவது? – மதுரை வாசகர்

பதில்: அட்டவணை ஒன்றை மறந்துவிட்டது: இரண்டுக்கும் ஒரே கொத்தனார் கோஷ்டி. எதற்குப் பிறகு எது என்ற வரிசை மட்டும் போதாது, ஆள் இருக்கிறாரா என்பதும் ஒரு கட்டுப்பாடு.

மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். வெளிப்பூச்சு 14-ல் தொடங்கி 24-ல் முடிந்த பிறகு உள்ளே வந்தால், 19-ல் தொடங்க வேண்டிய உட்பூச்சு 24-ல் தொடங்கும். வீடு 85-க்குப் பதில் 90-ல் முடியும். வெளிப்பூச்சுக்கு 55 நாள் ஃப்ளோட் இருக்கிறது, உட்பூச்சுக்கு எதுவுமே இல்லை. ஒரே ஆளுக்காக இரண்டு வேலை போட்டியிட்டால் ஃப்ளோட் குறைந்ததற்கே முதல் உரிமை.

அதற்காகக் காடி வேலை நடக்கும் ஐந்து நாளும் கொத்தனாரைச் சும்மா உட்கார வைக்க வேண்டாம். 14 முதல் 19 வரை வெளியே பூசட்டும். 19-ல் உள்ளே வரட்டும். 34-க்குப் பிறகு வெளியே மிச்சத்தை முடிக்கட்டும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நிறுத்தும் இடம் சுவரின் மூலையாக இருக்க வேண்டும். சுவரின் நடுவில் நிறுத்தி 15 நாள் கழித்துத் தொடர்ந்தால் ஒட்டு தெரியும், அந்தக் கோட்டில் விரிசலும் விடும். இரண்டாவது, முடிந்த பக்கத்துச் சாரத்தை உடனே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த 15 நாளுக்கும் வாடகை ஏறும்.

கேள்வி: தளத்து முட்டுகளை ஏழு நாளில் பிரித்தால் ஒரு வாரம் மிச்சம் என்கிறார்கள். பிரிக்கலாமா? – ஓசூர் வாசகர்

பதில்: எதற்குக் கீழே உள்ள முட்டு என்பதைப் பொறுத்தது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது இது: தளத்தின் தாங்கு இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கு, ஒழுங்காகத் தண்ணீர் காட்டிய காங்கிரீட்டுக்கு. நீங்கள் போட்டது பிபிசி (போர்ட்லாண்ட் போஸோலானா சிமென்ட்) என்றால் ஆரம்ப வலு மெதுவாகவே ஏறும். நாளைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். தண்ணீர் காட்டுவதும் சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி போன்ற கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள்.

விதிப்படியே மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. 'முட்டு பிரிப்பு' என்று ஒரே வரியாக எழுதாமல் அறைவாரியாகப் பிரித்து எழுதுங்கள். 10 அடிக்கு 12 அடி படுக்கையறைத் தளத்துக்குக் கீழே உள்ள முட்டுகளை, பொறியாளர் சரி என்று சொல்லும் நாளில் முன்னதாக எடுக்கலாம்; ஹாலின் பீமுக்குக் கீழே உள்ளது அப்படியே நிற்கட்டும். எலக்ட்ரீஷியன் படுக்கையறையில் தொடங்கிவிடலாம். இது கிரிட்டிக்கல் பாத்தில் உள்ள வேலை என்பதால் மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் முடிவு நாளில் அப்படியே தெரியும்.

ஆனால் பலகையைக் கழற்ற முட்டுகளையெல்லாம் மொத்தமாக எடுத்துவிட்டுப் பிறகு திரும்ப நிறுத்துவது ஆபத்து. இடைப்பட்ட நேரத்தில் தளம் தொய்ந்துவிட்டால், திரும்ப நிறுத்திய முட்டு அந்தத் தொய்வைத் தூக்கிக் கொடுக்காது.

கேள்வி: எனக்கு 85 நாள் இல்லை, 75 நாளில் முடிய வேண்டும். எந்த வேலைக்கு ஆள் கூட்டினால் பலன்? – ஈரோடு வாசகர்

பதில்: ஆளைக் கூட்டுவதற்கு முன் காசு செலவில்லாமல் கிடைக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உட்பூச்சு முழுதும் முடிந்த பிறகுதான் 28 நாள் காய்தல் தொடங்குகிறது என்று கணக்கு வைத்திருக்கிறோம். உண்மையில் முதலில் பூசிய அறை, கடைசி அறை பூசப்படும்போதே காயத் தொடங்கிவிட்டது. எனவே பூச்சை இரண்டாகப் பிரியுங்கள்: ஹால், படுக்கையறைகள் 10 நாள், சமையலறை, குளியலறை 5 நாள். பட்டி வேலையையும் அதேபோல 8 நாள், 4 நாள்.

ஹால் பகுதி பூச்சு 29-ல் முடிந்து 57-ல் காய்கிறது; பட்டி, முதல் கோட் 65-ல் முடிகிறது. சமையலறைப் பகுதி 34-ல் முடிந்து 62-ல் காய்கிறது. பெயிண்டர் 65-ல் அங்கே போய் 69-ல் முடிக்கிறார். சுவிட்ச் 74, கடைசி கோட் 80. ஐந்து நாள் சும்மாவே வந்துவிட்டது.

இப்போது ஆள் கூட்டுங்கள், அதுவும் பெயிண்டரை மட்டும். ஹால் பகுதி 8 நாளை 5 ஆக்கினால் அவர் 62-ல் முடிப்பார். சமையலறைச் சுவரும் அன்றுதான் காய்கிறது. சமையலறைப் பகுதி 4 நாளை 2 ஆக்கினால் 64. சுவிட்ச் 69, கடைசி கோட் 75. நீங்கள் கேட்ட பத்து நாள்.

ஹால் பகுதியை 5-க்கும் கீழே, 3 நாளாகக் குறைக்க ஆள் போட்டால் என்ன ஆகும்? எதுவும் ஆகாது. பெயிண்டர் 60-ல் முடித்துவிட்டு, 62 வரை சமையலறைச் சுவர் காயக் காத்திருப்பார். கூடுதல் கூலி முழுதும் வீண். ஒரு வேலையைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பக்கத்துத் தொடர் கிரிட்டிக்கல் ஆகிவிடும். அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்துக் குறைத்தால்தான் பலன். அதனால் ஒவ்வொரு நாளைக் குறைத்த பிறகும் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பாருங்கள்.

செலவையும் நாள் வீதம் பாருங்கள். கூடுதல் செலவை, மிச்சமாகும் நாளால் வகுங்கள். ஒரு நாள் குறைக்க 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுக்கும் வீட்டு வாடகை மாதம் 12,000 என்றால் நாளுக்கு 400 ரூபாய்தான் மிச்சம். நாள் குறித்துப் பத்திரிகை அடித்தாகிவிட்டது என்றால் செலவழிக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் 80 நாளில் முடிப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: தை கடைசி வாரத்தில் கிரகப்பிரவேசம், பிப்ரவரி 10-க்குள் எல்லாம் முடிய வேண்டும். தளம் எப்போது போட்டால் சரியாக இருக்கும்? – திருநெல்வேலி வாசகர்

பதில்: 85 நாள் என்பதை அப்படியே காலண்டரில் எண்ணக் கூடாது. காங்கிரீட்டுக்கும் ஈரச் சுவருக்கும் ஞாயிறு கிடையாது. அந்த 42 நாள் 42 நாள்தான். மிச்சம் 43 நாள் ஆள் வேலை. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் அது 50 நாளாகும். மொத்தம் 92. பிப்ரவரி 10-லிருந்து பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 10.

ஆனால் அந்தத் தேதியில் ஒரு நாள்கூடக் கையிருப்பு இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நவம்பர் 10-ல் தளம் போட்டால் உட்பூச்சு டிசம்பரில் வரும், ஈரக் காற்றில் 28 நாளில் காயாது. சுவர் காய்ந்து பட்டி தொடங்குகிற நேரம் சரியாகப் பொங்கல். விடுமுறை எங்கே விழுகிறது என்பது முக்கியம்: சுவர் காயும் 28 நாளுக்குள் ஆட்கள் ஊருக்குப் போனால் கிரிட்டிக்கல் பாத்தில் நஷ்டம் இல்லை, பட்டி பார்க்கும் நாளில் போனால் போன நாளெல்லாம் நஷ்டம்.

மூன்று வாரம் கையிருப்பு வைத்து, அக்டோபர் 20-க்குள் தளம் போட்டுவிடப் பாருங்கள். அந்த மூன்று வாரத்தை ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள், மூன்று நாள் என்று பங்கு போட்டுவிடாதீர்கள். பூச்சுக்கு 18 நாள் என்று சொன்னால் 18 நாள்தான் ஆகும். முன்னதாக முடித்துக் கொடுக்க யாருக்கும் அவசரம் இருக்காது. கையிருப்பு மொத்தமும் கடைசியில், உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: டோட்டல் ஃப்ளோட், ஃப்ரீ ஃப்ளோட் வேறுபாடு என்ன? பெர்ட் முறை வீட்டு வேலைக்கு உதவுமா? – டிப்ளமோ மாணவர், சேலம்

பதில்: இதே உதாரணத்தில் வாட்டர்புரூஃபிங்கைப் பாருங்கள். 24-ல் முடிகிறது, டைல்ஸ் 34-ல்தான் தொடங்கும். எனவே 10 நாள் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. இது ஃப்ரீ ஃப்ளோட். 39 நாள் தாமதித்தாலும் வீடு 85-ல் முடியும். ஆனால் டைல்ஸ்காரரின் தொடக்கம் 34-லிருந்து 63-க்குத் தள்ளிப்போய்விடும். இது டோட்டல் ஃப்ளோட். டோட்டல் ஃப்ளோட் ஒரே தொடரில் உள்ள எல்லோருக்கும் பொதுச் சொத்து. வாட்டர்புரூஃபிங் ஆள் அதைத் தின்றுவிட்டால் டைல்ஸுக்கும் கதவுக்கும் மிஞ்சாது. கதவு ஆசாரிக்கு ஃப்ரீ ஃப்ளோட் 16, டோட்டல் ஃப்ளோட் 45. அவரிடம் 16-ஐ மட்டும் சொல்லுங்கள்.

சிபிஎம் எனப்படும் இந்தக் கிரிட்டிக்கல் பாத் முறையை 1957-ல் அமெரிக்காவின் டுபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கின. பெர்ட் அதற்கு அடுத்த ஆண்டு, அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்தது. முன்னனுபவம் இல்லாத வேலைக்கு ஒரே எண்ணாக நாள் சொல்ல முடியாது என்பதால் பெர்ட் மூன்று எண் கேட்கிறது. உட்பூச்சு எல்லாம் கூடிவந்தால் 12, வழக்கமாக 15, மோசமானால் 24 நாள் என்றால், வழக்கமானதை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும்: 96-ஐ ஆறால் வகுத்தால் 16. மோசமானதற்கும் நல்லதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆறால் வகுத்தால் திட்ட விலக்கம், அதாவது நாள் எவ்வளவு ஏறியிறங்கலாம் என்பதன் அளவு, 2.

வீட்டு வேலைக்கு அந்த 16 உதவும். அதற்கு மேல் போய், வேலைகளின் விலக்கங்களைச் சேர்த்து "முடிய 95 சதவீத வாய்ப்பு" என்றெல்லாம் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு வேலையின் தாமதத்துக்கும் இன்னொன்றின் தாமதத்துக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. மழையோ எல்லா வேலையையும் சேர்த்தே அடிக்கும்.

கேள்வி: இதற்கு மென்பொருள் தேவையா? வேலை ஆரம்பித்த பிறகு எப்படிச் சரிபார்ப்பது? – கோவை வாசகி

பதில்: பதினைந்து வேலைக்குத் தாளும் பென்சிலும் போதும். முப்பதைத் தாண்டினால் இலவசமாகக் கிடைக்கும் புராஜெக்ட்லிப்ரே, கான்ட்புராஜெக்ட் இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தலாம். எதில் செய்தாலும் வேலையின் தொடக்கத் தேதியைக் கையால் அடிக்காதீர்கள். எது முடிந்த பிறகு எது என்ற தொடர்பையும் நாள் எண்ணிக்கையையும் மட்டும் கொடுங்கள். தேதி தானாக வரட்டும். கையால் அடித்த தேதி அங்கேயே ஒட்டிக்கொள்ளக்கூடும், முன்னால் உள்ள வேலை மாறினாலும் சரியாக நகராமல் போகலாம். முன்னும் பின்னும் தொடர்பு இல்லாமல் தொங்கும் வேலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அது பொய்யாகப் பெரிய ஃப்ளோட் காட்டும். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டில் வழக்கமான காலண்டர் திங்கள் முதல் வெள்ளி வரைதான். காய்தலுக்கு 28 என்று போட்டால் அது சனி, ஞாயிறை விட்டு ஐந்தரை வாரமாக எண்ணிவிடும். அதற்கு எலாப்ஸ்டு டேஸ் என்று குறிப்பிட வேண்டும். மற்ற வேலைகளுக்குச் சனிக்கிழமையை வேலை நாளாக்குங்கள்.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். "எவ்வளவு முடிஞ்சுது?" என்றால் "எண்பது பர்சென்ட்" என்பார்கள், அடுத்த வாரமும் அதையே சொல்வார்கள். "இன்னும் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். பூச்சு தொடங்கி 12 நாள் ஆகிறது, இன்னும் 6 நாள் என்றால் அது 18 நாள் வேலை, 3 நாள் தாமதம். அந்த 6-ஐ மட்டும் தாளில் மாற்றி மறுபடி முன்னோக்கி எண்ணுங்கள். பெயிண்டருக்கு அன்று மாலையே போன் செய்து மூன்று நாள் தள்ளி வரச் சொல்லுங்கள். தேதி நெருங்கிய பிறகு சொன்னால் அவர் வேறு வேலையை ஒப்புக்கொண்டிருப்பார்.